கல்லை எடுத்த பின் எந்தக் குழாய்? சிறுநீர் வடிவதற்கான வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தல்

சிறுநீரகக் கல்லுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானவுடன் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கல்லைப் பற்றியவையாகவே இருக்கும். கல் எவ்வளவு பெரியது, லேசரா அல்லது முதுகில் துளையா, எத்தனை நாள் தங்க வேண்டும், மறுபடியும் வருமா என்றெல்லாம் கேட்பார்கள். கல்லை எடுத்த பிறகு அந்தச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் எந்த வழியாக வடியப் போகிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. சிறுநீரகவியல் வார்டில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிய நான், மயக்கம் தெளிந்து கண் விழித்த நோயாளிகளைக் கல்லைக் காட்டிலும் அதிகமாக வருத்துவது அந்தக் குழாய்தான் என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். முதுகில் ஒரு குழாயும் கட்டிலோரம் ஒரு பையும் தொங்குவதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. வெளியே ஒன்றுமே தெரியவில்லை என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் சிறுநீர் எரிச்சல் தாங்காமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. இருவருக்கும் முன்கூட்டியே விளக்கியிருந்தால் அந்த வேதனையில் பாதியாவது குறைந்திருக்கும்.

இக்கட்டுரையில் நான் முதன்மையாக எடுத்துக்கொள்வது, பொதுவாக 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கற்களுக்குச் செய்யப்படும் பி.சி.என்.எல். என்ற அறுவை சிகிச்சையை. முதுகுப் பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் தோலைக் கீறி, அங்கிருந்து சிறுநீரகத்துக்குள் ஒரு துளைப்பாதையை ஏற்படுத்தி, அதன் வழியே உள்நோக்கிக் கருவியைச் செலுத்திக் கல்லை உடைத்து வெளியே எடுப்பது இந்த முறை. சிறுநீர் வரும் வழியாகவே கருவியை உள்ளே செலுத்திச் செய்யும் யூ.ஆர்.எஸ்., ஆர்.ஐ.ஆர்.எஸ். ஆகிய முறைகளில் குழாய்க் கேள்வி சற்று எளிதானது என்பதால் அதைப் பின்னர் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்லை முழுவதும் எடுத்துவிட்ட பிறகும் வடிகால் எதற்கு என்று கேட்பது நியாயமானதே. சிறுநீரகம் அறுவை சிகிச்சைக்காக ஓய்வெடுப்பதில்லை. மேசையில் படுத்திருக்கும்போதும் அது சிறுநீரை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிறுநீர் இறங்க வேண்டிய சிறுநீர்நாளமோ சில மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய குழல். கல் அங்கே உரசியிருந்தாலோ கருவி சென்று வந்திருந்தாலோ அதன் உட்சுவர் வீங்கிவிடும். இரத்தக் கட்டியோ கல்தூளோ அந்த வீக்கத்தில் சிக்கினால் வழி அடைபடும். அடைபட்டால் மேலே அழுத்தம் ஏறும், விலாவில் கடும் வலி வரும். துளைப்பாதை வழியே சிறுநீர் கசிந்து கட்டு நனையும். கல்லுக்குள் குடியிருந்த கிருமிகள் அந்த அழுத்தத்தில் இரத்தத்தில் கலந்து குளிரும் காய்ச்சலுமாக வெளிப்படும். இந்த மூன்றில் கடைசியானது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே வீக்கம் வடியும் வரை சிறுநீருக்கு உறுதியான ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதே எல்லாக் குழாய்களுக்கும் பொதுவான காரணம்.

துளை வழியே கல்லை எடுக்கும் முறையை 1976-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரம், யோஹான்சன் ஆகிய இருவரும் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்கள். அன்று முதல் நீண்ட காலம், அறுவை முடிந்ததும் அதே துளைப்பாதையில் தடிமனான ஒரு குழாயை வைத்து வெளியே பையோடு இணைத்துவிடுவதே மாறாத வழக்கமாக இருந்தது. அதற்கு நெஃப்ராஸ்டமி குழாய் என்று பெயர். வார்டில் எல்லோரும் ‘முதுகு டியூப்’ என்பார்கள். குழாய்களின் தடிமனை ஃபிரெஞ்ச் என்ற அளவையால் குறிப்பார்கள். ஒரு ஃபிரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எனவே 24 ஃபிரெஞ்ச் குழாய் என்றால் 8 மில்லிமீட்டர் தடிமன், ஏறத்தாழ சுண்டுவிரல் நுனியைவிடச் சற்றே மெலிந்தது. 8 அல்லது 10 ஃபிரெஞ்ச் குழாயோ குளிர்பான ஸ்ட்ராவை விட மெல்லியது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், ‘முதுகில் டியூப் வைப்பார்கள்’ என்று கேட்டு அஞ்சுபவர்கள் அது எத்தனை ஃபிரெஞ்ச் என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் குழாயின் பலம், எதையும் ஒளிக்காமல் காட்டுவது. பையில் சேரும் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தே சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் அறிந்துகொள்ள முடியும். முதல் நாள் சிவந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு தெளிந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. திடீரென்று கருஞ்சிவப்பாகிக் கட்டிகள் வந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். பாதையிலிருந்து இரத்தம் கசியும்போது தடித்த குழாய் அந்தப் பாதையின் சுவரை உள்ளிருந்து அழுத்தும். குழாயைச் சிறிது நேரம் கிளிப் போட்டு மூடினால் சிரை இரத்தக் கசிவு பெரும்பாலும் தானே நின்றுவிடும். கல்லின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிட்டால், சில நாள் கழித்து அதே பாதையில் மறுபடியும் கருவியைச் செலுத்தி மிச்சத்தை எடுக்க முடியும். குழாய் இல்லாவிட்டால் புதிதாகத் துளையிட வேண்டும். துளையிட்ட ஊசியில் சிறுநீருக்குப் பதிலாகச் சீழ் வந்தால், பொறுப்பான எந்த அறுவை மருத்துவரும் அன்று கல்லைத் தொடுவதில்லை. குழாயை மட்டும் வைத்துச் சீழை வடியவிட்டு, கிருமிக்கொல்லி மருந்து வேலை செய்த பிறகு வேறொரு நாளில் கல்லை எடுப்பார். அத்தகைய நேரத்தில் முதுகுக் குழாய்க்கு ஈடாக ஒன்றைத் தேடுவதில் பொருளில்லை.

அதன் பலவீனமும் வெளிப்படையானதே. வலிக்கும். விலா எலும்புகளுக்கு இடையே வைக்க நேர்ந்தால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் வலிக்கும். புரண்டு படுக்க முடியாது. கழிப்பறைக்குப் போகும்போது பையை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சேலையிலோ போர்வையிலோ மாட்டி இழுபடும். ஆயினும் சிக்கல் இல்லாதவர்களுக்கு இந்த வேதனை பொதுவாக ஒன்றிரண்டு நாள்களில் முடிந்துவிடும். படுக்கையிலேயே, சில நொடிகளில், மறுபடி மயக்க மருந்து எதுவும் இல்லாமல் குழாயை எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு அந்தத் துளையிலிருந்து சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரை, சிறுநீர் கசிந்து கட்டு நனைந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நோயாளி மிகவும் பயந்துபோவார். சொல்லிவிட்டால் பஞ்சை மாற்றிக்கொண்டு பொறுமையாக இருப்பார். ஒரு நாளைத் தாண்டியும் நிற்காமல் வழிந்தால் கீழே சிறுநீர்நாளத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் அந்த வழியைத் திறந்து வைக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைப்பார்கள்.

தடித்த குழாயின் வலியைக் குறைக்க முடியாதா என்ற கேள்வி 1980-களிலேயே எழுந்தது. 1984-ல் இங்கிலாந்தின் விக்கம், பொருத்தமான நோயாளிகளுக்குக் குழாய் வைக்காமலே அறுவையை முடிக்கலாம் என்று தம் அனுபவத்தை எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1986-ல், வின்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியவர்களும், குழாயை முன்னதாக எடுத்ததால் சிக்கலுக்கு ஆளான இருவரைக் காட்டி, குழாய் கட்டாயம் வேண்டும் என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை பத்தாண்டுகளுக்கு மேல் செல்வாக்குடன் இருந்தது. 1997-ல் அமெரிக்காவின் பெல்மன், முதுகுக் குழாய்க்குப் பதிலாக உள்ளே ஸ்டென்ட் வைத்து அனுப்பிய 50 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்ட பிறகுதான் ‘டியூப்லெஸ்’ முறை மறுபடியும் ஏற்கப்பட்டது. 2004-ல் குஜராத்தின் நடியாத் நகரைச் சேர்ந்த தேசாய் குழுவினர் 30 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, 20 ஃபிரெஞ்ச் குழாய், 9 ஃபிரெஞ்ச் குழாய், முதுகுக் குழாயே இல்லாமை ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். முதுகுக் குழாய் இல்லாதவர்களுக்கு வலியும் கசிவும் குறைவாக இருந்தன. அவர்கள் விரைவாக வீடு திரும்பினார்கள். 30 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் பின்னர் வந்த பல ஆய்வுகளும், தகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் இதுவே நடக்கிறது என்ற பக்கமே நிற்கின்றன. 2016-ல் வெளியான அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல், கல் மிச்சமில்லை என்று கருதப்படும் சிக்கலற்ற பி.சி.என்.எல்.-க்குப் பிறகு முதுகுக் குழாய் வைப்பது மருத்துவரின் விருப்பத்துக்கு உரியது என்றே சொல்கிறது.

டியூப்லெஸ் என்ற சொல்லை மட்டும் நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்பதை இங்கே வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சொல் முதுகில் குழாய் இல்லை என்பதை மட்டுமே குறிக்கிறது. பெரும்பாலும் உடலுக்குள் ஒரு குழாய் இருக்கும். அதுதான் டி.ஜே. ஸ்டென்ட்.

ஸ்டென்ட் என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனும் 22 முதல் 28 சென்டிமீட்டர் வரை நீளமும் உள்ள மென்மையான ஒரு குழல். அதன் ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நின்று, குழல் மேலும் கீழும் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். இருபுறமும் சுருண்ட இந்த வடிவம் 1978-ல் புழக்கத்துக்கு வந்தது. இதைப் பொருத்தியவர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கலாம், குளிக்கலாம், பை எதுவும் இல்லாமல் பேருந்தில் ஊருக்குப் போகலாம். பார்ப்பவர்களுக்கு அறுவை நடந்ததே தெரியாது. சிறுநீர்நாளம் நன்றாக வீங்கியிருக்கும் நிலையில், இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடும் வேறெந்தக் குழாயைவிடவும் இது நம்பகமானது. ஏனெனில் இது வாரக்கணக்கில் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் அந்த வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதை நோயாளிகள்தான் அறிவார்கள். கீழ்முனைச் சுருள் சிறுநீர்ப்பையின் மிகுந்த உணர்ச்சியுள்ள அடிப்பகுதியை உரசிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி சிறுநீர் வருவது போன்ற உணர்வும், அடக்க முடியாத அவசரமும், முடிக்கும் தறுவாயில் சுரீரென்ற எரிச்சலும் உண்டாகும். சிறுநீர் கழிக்கும் அந்த நேரத்தில் சிறுநீர்ப்பையின் அழுத்தம் ஸ்டென்ட் வழியாக மேலேறுவதால் விலாவில் இழுத்துப் பிடிப்பது போல வலிக்கும். ‘கீழே போகும்போது முதுகில் ஏன் வலிக்கிறது?’ என்று கேட்காதவர்கள் அரிது. நடந்தாலோ, குனிந்து வேலை செய்தாலோ, மேடு பள்ளமான சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டினாலோ சிறுநீர் சிவக்கும். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும். மறுநாள் மீண்டும் சிவக்கும். 2003-ல் இங்கிலாந்தில் ஜோஷியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஸ்டென்டினால் வரும் துன்பங்களை அளக்கவென்றே ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். அவர்கள் கண்டபடி ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அன்றாட வேலைகளைப் பாதிக்கும் அளவுக்கு வலி இருந்தது. 58 விழுக்காட்டினர் வேலைத்திறன் குறைந்ததாகக் கூறினார்கள். இந்த எண்கள் வெளிவரும் முன்னர், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீர்நாளத்தின் கீழ்ப்பகுதியைத் தளர்த்தி இந்தத் தொல்லைகளைப் பலருக்குக் குறைக்கின்றன. சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். சிறுநீர்ப்பையின் துடிப்பை அடக்கும் சோலிஃபெனசின் வகை மாத்திரைகள் அவசரத்தைக் குறைக்கும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், முதியவர்களுக்குக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரலாம். முற்றிலும் தொல்லையே இல்லாமல் செய்யும் மருந்து இல்லை.

இதில் யாரும் எழுதாமல் விடும் ஒரு பகுதி உண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண், வயலில் நாற்று நடும் பெண், பேருந்து நடத்துநர், நீண்ட தூரம் லாரி ஓட்டுபவர் ஆகியோருக்கு அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டிய நிலை வெறும் உடல் தொல்லையாக நிற்பதில்லை. பக்கத்தில் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அறிவுரை; அதற்கு நேர் எதிரானதைச் செய்யும்படி அந்தக் குழல் அவர்களைத் தள்ளுகிறது. ஸ்டென்ட் வைத்தால் எத்தனை நாள் விடுப்பு எடுக்க முடியும் என்பதும் மருத்துவ முடிவின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

ஸ்டென்டின் பெரிய ஆபத்து வேறொன்று. அது தானாக வெளியே வராது, கரையாது. சிறுநீர் வரும் வழியே கருவியைச் செலுத்தி, முனையைப் பற்றி இழுத்து எடுக்க வேண்டும். லிக்னோகெய்ன் ஜெல்லியால் மரத்துப்போகச் செய்து, வளையும் கருவியால் எடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குழந்தைகளுக்கு அதற்காக மறுபடியும் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த வசதி ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்காது. அறுவை செய்த மருத்துவமனைக்கோ சிறுநீரகவியல் பிரிவு உள்ள வேறொரு மருத்துவமனைக்கோ போக வேண்டும். பி.சி.என்.எல்.-க்குப் பிறகு பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் எடுத்துவிடச் சொல்வார்கள். சில நாள்களில் தொல்லைகள் பழகிவிடும். அறுவடை வரும், பிள்ளைகளின் தேர்வு வரும், வண்டிக்காசு இருக்காது. பிறகு அது இருப்பதே மறந்துபோகும். குடும்பத்தில் வேறு யாருக்கும் தெரியாமலே போன நேர்வுகளும் உண்டு, ஏனெனில் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஆங்கிலத்தில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும்.

உள்ளே கிடக்கும் குழலைச் சிறுநீரின் உப்புகள் சும்மா விடுவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் போல அதன்மேல் கல் படியத் தொடங்கும். கல் உண்டாகும் உடல்வாகு உள்ளவருக்கு அது இன்னும் வேகமாகப் படியும். 1991-ல் எல் ஃபக்கியும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 விழுக்காட்டிலும், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் எடுத்தவற்றில் 47.5 விழுக்காட்டிலும், அதற்கும் பிந்தியவற்றில் 76.3 விழுக்காட்டிலும் படிவு இருந்தது. இந்த மூன்று எண்களையும் நான் நோயாளிகளின் உறவினரிடம் சொல்வதுண்டு. கேட்டதும் தேதியைத் தங்கள் செல்பேசியில் குறித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கணக்கில் மறந்துபோனால் இரு முனைகளிலும் கல் திரண்டு, இழுத்தால் வராமல், அதை எடுக்க லேசரும் மறுபடி முதுகில் துளையும் தேவைப்படலாம். சிலர் அந்தச் சிறுநீரகத்தையே இழந்திருக்கிறார்கள். கல்லிலிருந்து காப்பாற்றிய சிறுநீரகத்தை ஒரு சிறு குழலுக்குப் பறிகொடுப்பது எவ்வளவு கொடுமை!

இந்த இரண்டுக்கும் நடுவே, நோயாளிகளிடம் அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. பி.சி.என்.எல். தொடங்கும்போதே, சிறுநீரகத்தின் உட்புற அறைகளைச் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பதற்காக, கீழிருந்து மேலாகக் கதீட்டர் என்ற மெல்லிய நீண்ட குழாய் ஒன்றைச் செலுத்தியிருப்பார்கள். அறுவை முடிந்ததும் அதை எடுத்துவிடாமல், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்ற வைத்திருக்கும் ஃபோலி கதீட்டரோடு சேர்த்துக் கட்டி, ஒன்றிரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டால் அதுவே வடிகாலாகிவிடும். முதுகில் குழாய் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோகும் ஸ்டென்டும் இல்லை. கதீட்டர்கள் இரண்டும் ஒன்றாக வார்டிலேயே எடுக்கப்பட்டுவிடும். மறுபடி கருவி விடத் தேவையில்லை, மறப்பதற்கும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றிரண்டு நாள் கதீட்டரோடு படுக்கையில் இருக்க வேண்டும் என்பதும், இழுபட்டால் நழுவிக் கீழிறங்கிவிடும் என்பதும், வீக்கம் அதிகமிருந்தால் எடுத்த பிறகு வலி திரும்பலாம் என்பதும் இதன் குறைகள். ஒரே துளைப்பாதையில், இரத்தப்போக்கின்றி, கல் முழுவதும் எடுக்கப்பட்ட நோயாளிக்கு, அதுவும் தொலைவான ஊரிலிருந்து வந்து திரும்பவும் வருவது கடினமானவருக்கு, இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் கருத்து. ஸ்டென்டைப் பழக்கத்தின் காரணமாகவே வைத்துவிடும் இடங்களில் இதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முதுகுக் குழாயும் ஸ்டென்டும் கதீட்டரும் இல்லாமல், ஓரிரவு ஃபோலி மட்டும் வைத்து அனுப்பும் ‘டோட்டலி டியூப்லெஸ்’ முறையும் உண்டு. கேட்பதற்கு இதமான இந்த முறை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே உரியது: கல் மிச்சமில்லை, உட்சுவர் கிழியவில்லை, தொற்று இல்லை, செலுத்திய சாயம் தடையின்றிக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்த்தாயிற்று, மறுபக்கச் சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது என்ற நிலையில் மட்டுமே. இரத்தக்கட்டி அடைத்தால் இரவில் கடும் வலியோடு திரும்பி வர நேரும் என்பதால், மருத்துவமனைக்கு அருகில் இருப்பவருக்கு இது பொருந்தும்.

யூ.ஆர்.எஸ்., ஆர்.ஐ.ஆர்.எஸ். ஆகியவற்றில் முதுகுக் குழாய்க்கு இடமில்லை. ஸ்டென்ட் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி. சிறுநீர்நாளத்தில் காயமோ குறுகலோ இல்லாமல், மறுபக்கச் சிறுநீரகம் இயல்பாக இருந்து, சிறுநீரகச் செயல்பாடும் குறையாமல், இரண்டாம் முறை அறுவையும் திட்டமிடப்படாவிட்டால் ஸ்டென்டைத் தவிர்க்கலாம் என்று முன்பு சொன்ன அதே 2016 வழிகாட்டுதல் கூறுகிறது. வைக்கத்தான் வேண்டும் என்றால், கீழ்முனையில் நூல் கட்டிய ஸ்டென்டைக் கேட்கலாம். நூலின் நுனி வெளியே வந்து உடலில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வாரத்துக்குள் அந்த நூலைப் பிடித்து இழுத்தே எடுத்துவிடலாம். தவறுதலாக முன்கூட்டியே இழுபடும் வாய்ப்பு உண்டு. ஆனால் நூல் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் யாரும் மறப்பதில்லை. என் பார்வையில் இதுவே அதன் பெரிய நன்மை.

இனி முடிவெடுப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இதில் ஒரு பாதி அறுவை அரங்கில்தான் தீர்மானமாகும். அதை நோயாளி மாற்ற முயலக் கூடாது. இரத்தம் அதிகம் கசிந்தது, சீழ் தென்பட்டது, உட்சுவர் கிழிந்தது, இரண்டு மூன்று இடங்களில் துளையிட நேர்ந்தது, கல் மிச்சமிருக்கிறது, இருப்பதே ஒரே சிறுநீரகம் என்ற நிலைகளில் மருத்துவர் முதுகுக் குழாயை வைத்தால், சில வேளைகளில் ஸ்டென்டையும் சேர்த்தே வைத்தால், அது நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான். ‘டியூப்லெஸ் என்று சொன்னார்களே, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று குடும்பத்தார் சண்டையிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கத்தி வைப்பதற்கு முன்னால் டியூப்லெஸ் என்று உறுதியாக வாக்களிப்பவரைவிட, ‘முடிந்தால் அப்படிச் செய்கிறேன், உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்வேன்’ என்று சொல்பவரையே நான் நம்புவேன்.

மறுபாதி நோயாளியின் வாழ்க்கையைப் பொறுத்தது. அதை மருத்துவர் தாமாக ஊகிக்க முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும். எந்த ஊர், திரும்பி வர எத்தனை மணி நேரம், கூட வர ஆள் உண்டா, என்ன வேலை, எத்தனை நாள் விடுப்பு, முன்பு ஸ்டென்ட் வைத்து அவதிப்பட்டதுண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பவற்றை அறுவைக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மருத்துவமனைக்கு அருகில் குடியிருந்து, விரைவில் வீடு திரும்ப விரும்பி, தேதி தவறாமல் வரக்கூடியவருக்கு முதுகில் குழாய் இல்லாமல் ஸ்டென்டோடு போவது நல்ல தேர்வு. உடலுழைப்பில் வாழ்ந்து, தொலைவிலிருந்து வரும் ஒருவருக்கு இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, மெல்லிய முதுகுக் குழாயையோ கீழ்வழிக் கதீட்டரையோ அங்கேயே எடுத்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லாமல் ஊருக்குப் போவதே நல்லது. அந்த இரண்டு நாள் வலி, நான்கு வாரத் தொல்லையையும் இன்னொரு பயணத்தின் செலவையும் மிச்சப்படுத்தும். ஒரு நாள் முன்னதாக டிஸ்சார்ஜ் ஆவதை மட்டும் வைத்து வழிகளை ஒப்பிடும் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

எந்தக் குழாயோடு இருந்தாலும் சரி, குழாயை எடுத்துவிட்டாலும் சரி, சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ உடல் தூக்கிப்போடும் குளிரோ வந்தால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. பி.சி.என்.எல். செய்துகொண்டவர்களில் நூற்றில் ஒருவர் அளவில், காயம்பட்ட தமனியிலிருந்து இரத்தப்போக்கு ஏற்படும். அது வீட்டுக்குப் போன ஒன்றிரண்டு வாரத்திலும் வரக்கூடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இளஞ்சிவப்பாகப் போவது இயல்பு. கட்டிகட்டியாக அடர்சிவப்பில் போவது இயல்பு ஆகாது. ‘ஸ்டென்ட் இருந்தால் இரத்தம் வரும் என்று சொன்னார்கள்’ என நினைத்து இரண்டாவதையும் முதலாவதைப் போலக் கருதிவிடுவதுதான் ஆபத்து.

ஸ்டென்டோடு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் நான் பணியில் இருந்தபோது செய்துவந்தது இது: டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் பக்கத்தில், ‘உள்ளே குழாய் இருக்கிறது, எடுக்க வேண்டிய நாள்’ என்று தமிழில் பெரிதாக எழுதித் தேதியைப் போட்டு, உடன் வந்தவரின் செல்பேசி எண்ணையும் வார்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்வேன். மகனோ மகளோ அருகில் இருந்தால் அவர்களிடமும் ஒருமுறை சொல்வேன். உங்கள் மருத்துவமனையில் அப்படி எழுதித் தராவிட்டால் நீங்களே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைக்கப்பட்டதா, எந்தப் பக்கம், என்று எடுக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். எப்போதோ கல் அறுவை செய்துகொண்டு, குழாயை எடுத்தார்களா இல்லையா என்று நினைவில்லாத பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரை அழைத்துப் போய் வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். உள்ளே இருந்தால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை, இரு முனையும் சுருண்ட வெள்ளைக் கோடாக அது படத்தில் தெரிந்துவிடும்.